109ஆம் முகவரி

பழைய கேசட் பிளேயர்களில், பட்டன்களுக்குப் பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பலர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். கவனித்தவர்கள் மங்கிப்போன பாட்டைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள். கேசட்டை ஓடவிட்டுவிட்டு, அந்தத் துளை வழியாகச் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளேயிருக்கும் திருகைக் கால் சுற்று அப்படியும் இப்படியும் திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்த எஸ்.பி.பி. சட்டென்று எழுந்து முன்னால் வந்து உட்காருவார். திருகு செய்வது ஒரே வேலைதான். நாடாவை உரசும் ஹெட்டின் சாய்வை மாற்றுகிறது. நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக ஹெட் நிற்காவிட்டால் ஜால்ரா, 'ஸ', 'ஷ' போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் காணாமல்போகும்.

இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் போலந்திலும் இன்றைக்கும் சிலர் அதே திருகைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காதில் பாட்டு எதுவும் விழுவதில்லை. முதலில் ஐந்து நொடிக்கு ஒரே சுருதியில் ஓர் ஊளை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரு கரகரப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று அந்த நாடாவில் ஒலியாகக் கிடக்கிறது. ஹெட் சரியாக உட்கார்ந்தால் அது பிழைக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரல் 23 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் அதை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டு, 48 கிலோபைட்டுடன் 175 பவுண்டு. அன்றைய விலைவாசியில் ஒரு கம்ப்யூட்டருக்கு இது அடிமாட்டு விலை. கறுப்புப் பெட்டி, அழிரப்பர் மாதிரி கொழகொழவென்ற 40 விசைகள், ஓரத்தில் சாய்வாக ஒரு வானவில் பட்டை. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்-80 என்ற பிராசஸர். திரைக்கு வீட்டு டிவி, சேமிக்க வீட்டு டேப் ரிக்கார்டர். 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தியாவில்கூட டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி, 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் 80களின் பின்பாதியில் விற்றது. 1986இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 90களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. வழக்கமாக இதோடு கதை முடிந்து, மிச்சம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அதைப் போகவிடாதவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கப்போனால் விஷயம் விசித்திரமாக இருக்கிறது. ஒரு பழைய பொருளைப் பேணுவது என்றால் அதன் குறைகளை நீக்கிப் பளபளப்பாக்குவது என்று நாம் நினைப்போம். இங்கே அந்த வித்தை பலிக்காது. இந்த மெஷினின் குறைகளை நீக்கினால் அதற்காக எழுதிய புரோகிராம்கள் ஓடாது.

கேசட்டிலிருந்தே தொடங்குவோம். ஸ்பெக்ட்ரத்தில் 'ஜே' விசையை அழுத்தினால் 'லோட்' என்ற முழுக் கட்டளையும் திரையில் விழும். கூடவே இரண்டு மேற்கோள்குறி, பிறகு 'என்டர்'. கேசட்டை ஓடவிட்டதும் பிராசஸர் செய்கிற வேலை, காது கொடுத்துக் கேட்பது. ஒலி அலை ஏறி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தன் கடிகாரத் துடிப்புகளை வைத்து எண்ணுகிறது. 0 என்ற பிட்டுக்கு ஓர் அலை 1,710 துடிப்பு நீளம். 1 என்ற பிட்டுக்குச் சரியாக இரு மடங்கு, 3,420 துடிப்பு. தமிழ் படித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஸ்பெக்ட்ரத்தின் கேசட் என்பது குறிலும் நெடிலும் மட்டுமே கொண்ட ஒரு நீண்ட செய்யுள்.

கடிகாரம் நொடிக்கு 35 லட்சம் முறை துடிக்கிறது என்பதால் குறில் ஏறத்தாழ 2,050 ஹெர்ட்ஸ் ஒலி, நெடில் 1,020 ஹெர்ட்ஸ். இரண்டும் மனிதக் குரலின் எல்லைக்குள் அடங்குபவை. அதனால்தான் மலிவான டேப் ரிக்கார்டரே போதுமானதாக இருந்தது. அதனால்தான் பெல்கிரேடு வானொலியின் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் 80களில் புரோகிராம்களை ஒலியாகவே ஒலிபரப்பவும் முடிந்தது. வீட்டில் ரேடியோவிலிருந்து பதிவுசெய்துகொண்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். 0க்களும் 1களும் பாதிக்குப் பாதி வருவதாக வைத்தால் நொடிக்கு 1,365 பிட். 48 கிலோபைட்டையும் முழுக்க நிரப்ப ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு சினிமாப் பாட்டு நேரம்.

அந்த ஐந்து நிமிடமும் திரையின் ஓரம் சும்மா இருக்காது. முதல் ஊளையின்போது சிவப்பும் வெளிர்நீலமும் கலந்த பட்டைகள் மெல்ல நகரும். தரவு வரத் தொடங்கியதும் நீலமும் மஞ்சளும் கொண்ட மெல்லிய கோடுகள் துடிதுடிக்கும். அலங்காரத்துக்குப் போட்டதுபோலத் தெரியும். உண்மையில் அது ஒரு கருவி. ஒவ்வோர் அலை விளிம்பையும் பிராசஸர் பிடிக்கும்போது ஓரத்தின் நிறத்தை மாற்றுகிறது. பட்டைகள் சீராக இருந்தால் ஒலி நன்றாக வருகிறது. நாடா இழுத்தால் பட்டையும் இழுக்கும். பழகியவர்கள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தே திருகைத் திருப்புவார்கள்.

நடுவே படம் வரும். அது வரும் முறையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாக வரிசையாக வராது. திரையை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாகத் தாவித் தாவி வரும். பிறகு விட்ட இடைவெளிகளை நிரப்ப மறுபடி மேலே போகும். திரை முழுக்கக் கோட்டுச் சித்திரமாக நிரம்பிய பிறகு, கடைசி 768 பைட்டுகளில் நிறம் வந்து விழும். வெள்ளைக் கோலம் போட்டு முடித்து, எல்லோரும் காப்பி குடித்துவிட்டு வந்து, பிறகு கலர்ப்பொடி தூவுகிற மாதிரி.

நிறம் தனியாக வருவதற்குக் காரணம் சிக்கனம். 256க்கு 192 புள்ளிகள் கொண்ட திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுத்தால் 24 கிலோபைட் போய்விடும். 16 கிலோபைட் மெஷினில் அது நடக்காத காரியம். ஆகவே புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு 6,144 பைட். நிறத்துக்கு, எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பைட். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான். சிவப்புச் சட்டை வீரன் பச்சை மரத்தைக் கடந்தால், அவன் நிற்கிற கட்டத்தில் மரமும் சிவப்பாகும், அல்லது அவன் பச்சையாவான். ஸ்பெக்ட்ரத்தைக் கேலி செய்ய எல்லோரும் முதலில் எடுக்கும் குறை இதுதான். இதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் நாடா. எங்கள் தலைமுறைக்கு ரிக்கார்டிங் சென்டர் தெரியும். பாட்டுப் பட்டியலும் காலி கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அதிலிருந்து நண்பன் பதிவான், அவனிடமிருந்து அவன் மச்சான். நான்காவது கை மாறும்போது பாட்டுக்குப் பின்னால் மழை பெய்யும். ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளும் பள்ளிக்கூட வாசல்களில் இப்படித்தான் பெருகின. விற்றவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். எனவே பூட்டுப் போட்டார்கள். 'ஸ்பீட்லாக்' என்ற முறையில் தொடக்க ஊளையே நேராக இராது, டிக் டிக்கென்று வெட்டுப்படும். குறில் நெடில் நீளங்களையும் மாற்றிவைத்தார்கள். மெஷினின் சொந்த லோடருக்கு அது புரியாது. புரோகிராமின் முதல் துண்டு தனக்கென்று ஒரு லோடரைக் கொண்டுவந்து மிச்சத்தைப் படித்துக்கொள்ளும்.

இந்தப் பூட்டுகள்தான் பின்னால் வந்த காப்பாளர்களுக்குப் பெரிய தலைவலி. நாடாவிலிருக்கும் பைட்டுகளை மட்டும் கோப்பாகச் சேமிக்கும் 'டேப்' என்ற எளிய வடிவம் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கேசட்டுக்கு அது போதும். பூட்டுப் போட்ட கேசட்டில் புரோகிராமின் ஒரு பகுதி பைட்டுகளுக்கு இடையிலான நேரத்தில் இருக்கிறதே! ஆகவே 'டிஇசட்எக்ஸ்' என்ற வடிவத்தை உருவாக்கினார்கள். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஊளை எத்தனை துடிப்பு, குறில் எத்தனை, நெடில் எத்தனை, நடுவே எத்தனை மில்லிநொடி மௌனம் என்பதெல்லாம் பதிவாகும். பாட்டின் வரிகளை எழுதிவைப்பதற்கும் சுரதாளத்தோடு எழுதிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கிறவர் பாடபேதம் பார்ப்பதுபோல, இவர்களும் ஒரே விளையாட்டின் நான்கைந்து கேசட்டுகளை வாங்கி, பைட் பைட்டாக ஒப்பிட்டு, எது மூலம், எது பிற்கால மறுபதிப்பு என்று பிரித்துவைக்கிறார்கள்.

பூட்டு நாடாவோடு நிற்கவுமில்லை. 1984இல் வந்த 'ஜெட் செட் வில்லி'யில் நிறக்கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை இருந்தது. அன்றைக்குக் கலர் ஜெராக்ஸ் யாரிடமும் இல்லை என்பது கணக்கு. 'எலைட்' விளையாட்டுடன் ஒரு பிளாஸ்டிக் பட்டகம் வந்தது. திரையில் சிதைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியாகப் பார்த்தால்தான் படிக்க முடியும். சிலருக்குப் பெட்டியில் தவறான பட்டகமே வந்து சேர்ந்தது. காசு கொடுத்து வாங்கியவன் வெளியே, திருட்டுக் காப்பிக்காரன் உள்ளே. இன்று அந்தப் பட்டகத்தின் வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் இருக்கிறது. அட்டைகளையும் கையேடுகளையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கோப்பு பத்திரமாக இருந்தும் கதவு திறக்காது.

இனி மெஷினுக்கு வருவோம். பரணிலிருந்து இறக்கிய ஸ்பெக்ட்ரத்தை உடனே பிளக்கில் சொருகுவதுதான் அதைக் கொல்ல எளிய வழி. அதன் 9 வோல்ட் அடாப்டரில் நடு முள் மைனஸ். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முள் பிளஸ். கையில் கிடைத்ததைச் சொருகினால் அதோடு சரி.

விஷயம் தெரிந்தவர் முதலில் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றுவார். மேல்மூடியை வெடுக்கென்று இழுக்கமாட்டார். விசைப்பலகைக்கு அடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் போர்டுக்குப் போகும். நாற்பது வருடத்தில் அவை அப்பளமாகியிருக்கும். தொட்டாலே முறியும். முறிந்தாலும் பயமில்லை, அந்தப் பிளாஸ்டிக் தாளைப் புதிதாகத் தயாரித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு மல்ட்டிமீட்டர். கீழ் நினைவகத்தின் எட்டு சிப்புகளும் 4116 என்ற ரகம். அவற்றுக்கு ஒரு மின்னழுத்தம் போதாது, மூன்று வேண்டும். 1ஆம் காலில் மைனஸ் 5 வோல்ட், 8இல் 12, 9இல் 5. இதில் மைனஸ் 5 காணாமல்போய் மற்ற இரண்டும் வந்துகொண்டிருந்தால் சிப்புகள் சூடேறி ஒவ்வொன்றாகச் சாகும். மூன்று மின்னழுத்தங்களையும் பிரித்துக் கொடுக்கிற சின்னச் சுற்றில் டிஆர்4 என்று குறியிட்ட ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. செத்த ஸ்பெக்ட்ரங்கள் பலவற்றில் அங்கேதான் பிணப் பரிசோதனை தொடங்கும். சிப் போனதால் டிரான்சிஸ்டர் போனதா, டிரான்சிஸ்டர் போனதால் சிப் போனதா என்பது கோழி முட்டைக் கதை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால் அதுவும் போகும்.

மேல் நினைவகத்தின் கதை இன்னும் சுவாரசியம். 48 கிலோபைட் மெஷினில் கூடுதலாக உள்ள 32 கிலோபைட்டுக்கு எட்டு சிப்புகள். மேலே 32 கிலோபிட் என்று பெயர் அச்சிட்டிருக்கும். ஆனால் அவை பிறந்தபோது 64 கிலோபிட் சிப்புகள். தொழிற்சாலைச் சோதனையில் ஒரு பாதி பழுது என்று தெரிந்தவை. சொத்தைக் கத்தரிக்காயைத் தூக்கி எறியாமல், கெட்ட பாதியை நறுக்கிவிட்டு நல்ல பாதியைக் குழம்பில் போடுவோமே, அதுதான். மேல்பாதி நல்லதா, கீழ்பாதி நல்லதா என்பதைச் சிப்பின் மேலேயே ஒரு குறியாகப் போட்டிருப்பார்கள். எட்டும் ஒரே பக்கம் நல்லதாக இருக்க வேண்டும். அதற்கேற்பப் போர்டில் ஒரு துண்டுக் கம்பியை இந்தத் துளையிலோ அந்தத் துளையிலோ பற்றவைத்திருப்பார்கள். இன்று ஒரு சிப்பை மாற்றுகிறவர் இந்தக் கம்பியைப் பார்க்காமல் மாற்றினால், நல்ல சிப்பைப் போட்டும் மெஷின் அழும்.

எல்லாம் சரியானால், மின்சாரம் கொடுத்ததும் கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்பு நேர்கோடுகள் ஒரு கணம் தோன்றி மறையும். நினைவகம் முழுவதிலும் மெஷின் 2 என்ற எண்ணை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கிறது. திரையும் அதே நினைவகத்தில் இருப்பதால் அந்த 2கள் நம் கண்ணுக்கும் தெரிகின்றன. நிறக்கட்டத்தில் 2 என்றால் கறுப்பின்மேல் சிவப்பு. புள்ளிக் கட்டத்தில் 2 என்றால் எட்டில் ஒரு புள்ளி. பிறகு திரை வெளுத்து, அடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற பதிப்புரிமை வரி வரும். எந்த இடத்தில் 2 திரும்பி வரவில்லையோ அதோடு நினைவகம் முடிந்தது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். மேல் சிப் ஒன்று செத்திருந்தால் 48 கிலோபைட் மெஷின் தன்னைச் சிறிய மெஷின் என்று நம்பிக்கொண்டு, ஒரு புகாரும் சொல்லாமல் எழுந்து உட்காரும்.

சிப்பும் டிரான்சிஸ்டரும் எங்காவது கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு, யூ.எல்.ஏ. ஃபெராண்டி நிறுவனம் தயாரித்தது. சட்டைத் துணியைப் பாதி தைத்து அடுக்கிவைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் அளவெடுத்து முடித்துக் கொடுக்கிற தையற்காரர் மாதிரி, லாஜிக் கதவுகளை முன்கூட்டியே வார்த்துவைத்து, வாடிக்கையாளர் கேட்கும் இணைப்புகளைக் கடைசி உலோக அடுக்கில் மட்டும் போட்டுத் தருவது. ஸ்பெக்ட்ரத்தின் வன்பொருளை வடிவமைத்த ரிச்சர்ட் ஆல்ட்வாசர் திரை, நிறம், விசைப்பலகை, ஒலி, கேசட் எல்லாவற்றையும் இந்த ஒற்றைச் சிப்பில் அடக்கினார். 125 பவுண்டு விலையின் ரகசியம் அது. அவசரத்தின் தழும்புகளும் அதிலேயே. முதலில் வந்த போர்டுகளில் யூ.எல்.ஏ.வின் ஒரு பிழையை மூடிமறைக்க இன்னொரு சின்னச் சிப்பை மல்லாக்கப் போட்டு, காலெல்லாம் மேலே தூக்கியபடி கம்பி பற்றவைத்திருந்தார்கள். ஆர்வலர்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்த கரப்பான்பூச்சி'. இன்று கரப்பான்பூச்சியோடு ஒரு போர்டு கிடைத்தால் மவுசு அதிகம்.

யூ.எல்.ஏ.வுக்கும் பிராசஸருக்கும் தெருக்குழாய்ச் சண்டை உண்டு. கீழ் 16 கிலோபைட் நினைவகம் இருவருக்கும் பொது. டிவியின் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த எட்டுப் புள்ளிகளை யூ.எல்.ஏ. எடுத்தே ஆக வேண்டும், டிவி காத்திருக்காது. எனவே அந்த நேரத்தில் பிராசஸர் குடத்தோடு வந்தால், யூ.எல்.ஏ. அதன் கடிகாரத்தையே நிறுத்திவிடும். எத்தனை துடிப்பு நிற்கும் என்பது வந்து சேர்ந்த கணத்தைப் பொறுத்தது. எட்டுத் துடிப்புச் சுழற்சியில் 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்று போகும். ஒரு திரைக்கு மொத்தம் 69,888 துடிப்பு. கையேட்டில் இந்த அட்டவணை கிடையாது. புரோகிராமர்கள் அனுபவத்தில் பிடித்தார்கள், பிடித்ததைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

ஒன்றும் இணைக்காத ஓர் இணைப்புத் துறையிலிருந்து பிராசஸர் படித்தால் 255 என்ற எண்தான் வர வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில், அந்தக் கணத்தில் யூ.எல்.ஏ. திரைக்காக எடுத்துக்கொண்டிருக்கும் பைட் கசிந்து வரும். தெளிவாகவே வடிவமைப்பின் ஓட்டை. ஆனால் கசிவைக் கவனித்தால் டிவியின் கதிர் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'ஆர்க்கனாய்ட்' விளையாட்டு அதை வைத்துத்தான் தன் நேரத்தைத் திரையோடு ஒத்துப்போகச் செய்தது. பின்னால் ஆம்ஸ்ட்ராட் மெஷினை ஒழுங்காக மறுவடிவமைத்து, பிளஸ்3 என்று விற்றது. கசிவு நின்றது. விளையாட்டும் நின்றது.

இன்றைய கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரமாக நடிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். இசட்-80இன் கட்டளைகளைப் பின்பற்றுவது அதன் வேலையில் எளிய பாதி. 6, 5, 4, 3 என்ற காத்திருப்பையும் இந்தக் கசிவையும் சேர்த்து நடிப்பது மறுபாதி. நல்ல எமுலேட்டர்களில் 'இஷ்யூ 2 விசைப்பலகை' என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும். இரண்டாம் பதிப்புப் போர்டுக்கும் மூன்றாம் பதிப்புக்கும் நடுவே, விசைப்பலகையைப் படிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறி வரும். அந்த பிட்டைக் கண்டுகொள்ளாமல் எழுதிய சில பழைய விளையாட்டுகள் புதிய போர்டில் சாவிக்கு மசியாது. அந்த விளையாட்டுகளுக்காக அந்தப் பெட்டி. இசட்-80க்குள் எந்த ஆவணமும் சொல்லாத ஒரு பதிவேடு ஒளிந்திருப்பதைக்கூட ஆர்வலர்கள், வெளியே கசியும் இரண்டு பிட்டுகளை வைத்து ஊகித்து நிறுவியிருக்கிறார்கள். யுரேனஸின் பாதையில் தெரிந்த சிறு பிசகிலிருந்து நெப்டியூனை வானியலாளர்கள் பிடித்த கதைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் பெரிய உவமைதான், இருக்கட்டும்.

கட்டத்துக்கு இரண்டே நிறம் என்ற குறைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கதிர் ஒரு கட்டத்தின் முதல் இரண்டு வரிகளை வரைந்து முடித்ததும், அடுத்த இரண்டு வரிகள் வருவதற்குள் அந்தக் கட்டத்தின் நிற பைட்டை மாற்றி எழுதிவிட்டால்? யூ.எல்.ஏ. புதிய நிறத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குச் சில துடிப்புகள்கூடப் பிசகாத எண்ணிக்கை வேண்டும். 2010களில் வந்த 'நிர்வானா' என்ற நிரலடுக்கு (தமிழில் சத்தமாகச் சொல்லக் கொஞ்சம் சங்கடமான பெயர்) இதைத்தான் செய்கிறது. 1982இன் மெஷினில், எந்த மாற்றமும் செய்யாமல், எட்டுக்கு இரண்டு புள்ளிகளுக்கு ஒரு முறை நிறம் மாறுகிறது. அந்தக் காலத்துக் கேலிக்காரர்கள் பார்த்தால் வேறு கம்ப்யூட்டர் என்பார்கள். காத்திருப்பு அட்டவணையைத் துல்லியமாக நடிக்காத எமுலேட்டரில் இந்த விளையாட்டுகளின் நிறம் கந்தலாகிவிடும்.

யூ.எல்.ஏ.வை முழுக்கப் புரிந்துகொள்ள, கிறிஸ் ஸ்மித் என்ற பொறியாளர் சிப்பின் உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டைப் படமெடுத்து, அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடம்பிடித்தார். 2010இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கடையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் சிப்புகளைக் கொண்டே யூ.எல்.ஏ.வின் வேலையைச் செய்யும் 'ஹார்லெக்வின்' போர்டும் அவருடையது. அதற்குப் பிறகு ஒரிஜினல் சிப் ஒன்றுகூட இல்லாமல் ஒரு முழு ஸ்பெக்ட்ரத்தைச் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து வீட்டிலேயே கட்டிவிடலாம் என்றாகிவிட்டது. உள் இணைப்புகளை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் மெஷினை வரைந்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி உருவான 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' 2017இல் பொதுமக்களிடமிருந்து 7 லட்சத்து 23 ஆயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. 1982இன் பெட்டியை வடிவமைத்த ரிக் டிக்கின்சன்தான் இதற்கும் வடிவம் கொடுத்தார். 2020இல் அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இங்கே ஆர்வலர்களுக்குள் ஒரு குடுமிப்பிடி உண்டு. கெட்ட நினைவகத்தைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு நவீன சிப்பை வைப்பது, சூடாகும் ரெகுலேட்டரை மாற்றுவது, அனலாக் ட்யூனர் இல்லாத இன்றைய டிவிக்காக ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைத்துப் படத்தை நேராக எடுப்பது, கேசட்டுக்குப் பதில் மெமரி கார்டு. இவற்றில் எது மருத்துவம், எது மாறாட்டம்? எனக்குத் தோன்றுவது இது. பிறகு வருகிறவர் சுவடின்றிக் கழற்ற முடிந்தால் அது மருத்துவம். பெட்டியில் துளை போட்டால் கொலை. நன்றாக ஓடுகிற மெஷினின் கண்டன்சர்களை எல்லாம் சாங்கியத்துக்காகப் பிடுங்கி மாற்றுவதையும் நான் அதிகம் மதிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களிடமும் நியாயம் இருக்கிறது. காய்ந்த கண்டன்சர் சொல்லிவிட்டுச் சாவதில்லை.

சட்டச் சிக்கலும் இருந்தது. எமுலேட்டர் ஓட, மெஷினின் 16 கிலோபைட் ரோம் வேண்டும். ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய பேசிக் மொழி அதில்தான் இருக்கிறது. உரிமை அப்போது ஆம்ஸ்ட்ராட்டிடம் இருந்தது. ஆச்சரியமாக, 1999இல் அந்நிறுவனம் எமுலேட்டர்களோடு ரோமை இலவசமாகக் கொடுத்துக்கொள்ளலாம், பதிப்புரிமை வரியை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. விளையாட்டு நிறுவனங்கள் எல்லாம் அப்படித் தாராளமாக இல்லை. சில மறுத்தன, பல இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிட்டதால் கேட்கவும் ஆளில்லை.

2024இல் ஜைலாக் நிறுவனம் இசட்-80க்குக் கடைசி ஆர்டர்களை வாங்கிக்கொண்டு கடையை மூடியது. 1976இல் வந்த சிப். 48 வருடம். ஆர்வலர்கள் கையிருப்பு வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எஃப்.பி.ஜி.ஏ.க்குள் இசட்-80ஐ வரைந்துவைத்து வெகுநாளாகிவிட்டது, அந்த ஒளிந்திருந்த பதிவேட்டோடு.

ரோமில் ஒரு பிழை இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இடைமறிக்க இசட்-80இல் வசதி உண்டு. அழுத்தியதும் எங்கே போக வேண்டும் என்ற முகவரியை நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம். அது பூஜ்யமாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த முகவரிக்குத் தாவ வேண்டும். ரோமில் நிபந்தனை தலைகீழாக இருக்கிறது. முகவரி எழுதிவைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. பூஜ்யமாக இருந்தால் பூஜ்யத்துக்கே தாவி, மெஷின் முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த வசதியே பாழ். 23728 என்ற அந்த இடத்தைக் கையேடு பயன்படுத்தப்படாதது என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்டது. 1983இல் இயன் லோகனும் ஃபிராங்க் ஓஹாராவும் ரோமைக் கட்டளை கட்டளையாகப் பிரித்து எழுதிய புத்தகத்திலிருந்தே இது ஊரறிந்த விஷயம். 109ஆம் முகவரியில், 40 இருக்க வேண்டிய இடத்தில் 32 இருக்கிறது. ஒரே ஒரு பைட்.

திருத்த ஒரு நொடி ஆகாது. திருத்திய ரோம்களும் தனியாகக் கிடைக்கின்றன. ஆனால் வழக்கமான 48 கிலோபைட் மெஷினாக நடிக்கும் எந்த எமுலேட்டரையும் திறந்து, 'பிரிண்ட் பீக் 109' என்று அடித்துப் பாருங்கள். பரணிலிருந்து இறக்கி, டிஆர்4 மாற்றி, மூன்று மின்னழுத்தமும் பார்த்து, சிவப்புக் கோடுகள் வந்து மறைந்த அசல் ரப்பர் விசை மெஷினிலும் அடித்துப் பாருங்கள். இரண்டிலும் 32தான் வரும்.